பழைய காரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் செய்யும் தவறுகள்

2024 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் பழைய கார் போட்டியில் முதல் பரிசு வாங்கியது 1934-ஆம் ஆண்டு புகாட்டி டைப் 59. ஒரு காலத்தில் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த கார் அது. பழைய பெயின்ட் அங்கங்கே தேய்ந்துபோயிருந்தது. யாரும் அதை மறைக்கவில்லை. 1950-இல் தொடங்கிய அந்தப் போட்டியில், புதுப்பிக்காமல் இருந்தபடியே காப்பாற்றிய ஒரு கார் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

நம் ஊரில் நடப்பது நேர் எதிர். தாத்தா காலத்து கார் கைக்கு வந்ததும், அதன் கதையைக்கூடக் கேட்காமல் டிங்கரிங் ஷெட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பெயின்டைச் சுரண்டி, பட்டி பூசி, ஷோரூம் கார் போலப் பளபளவென்று வெளியே எடுத்து, சீட்டுக்கெல்லாம் புது ரெக்சின் தைத்து, கண்காட்சியில் நிறுத்துகிறோம். பார்க்கிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். நடுவர் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். பழைய காரில் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது. காரணம், மற்றவற்றைத் திருத்தலாம். சுரண்டி எறிந்த பெயின்ட் திரும்ப வராது.

துருப்பிடித்துக் கிடப்பதை அப்படியே விடச் சொல்லவில்லை. தரை ஓட்டையாகிவிட்டால் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சுரண்டுவதற்கு முன், மறைவான இடங்களில் என்ன நிறம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். டிக்கியின் உள்பக்கம், கதவுப் பலகைக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு அடியில் எல்லாம் கம்பெனி அடித்த நிறம் பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். அதைப் படம் எடுத்து, சின்னத் துண்டு மாதிரியும் எடுத்து வைத்த பிறகு கடைக்காரரிடம் நிறம் கலக்கச் சொல்லுங்கள். 1920-களின் காருக்கு இன்றைய மெட்டாலிக் பெயின்ட் அடித்தால், காந்தி குல்லா போட்டவர் கூலிங் கிளாஸ் மாட்டியது போலத்தான் இருக்கும்.

பளபளக்கும் உலோகத்திலும் இதே கதைதான். மிகப் பழைய கார்களின் விளக்கும் ரேடியேட்டரும் பித்தளை. அப்புறம் நிக்கல் பூச்சு வந்தது. குரோம் பரவலானது 1920-களின் கடைசியில்தான். ஆனால் நம் பிளேட்டிங் பட்டறைகளில் எதைக் கொடுத்தாலும் குரோம் போட்டுத் தந்துவிடுவார்கள், அது 1924 காராக இருந்தாலும் சரி. நிக்கலின் பளபளப்பில் லேசான மஞ்சள் சாயல் உண்டு, குரோம் நீலம் பாயும். பழகிய கண்ணுக்குப் பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை போட்ட டயரும் அப்படியே. அமெரிக்க சொகுசுக் கார்களுக்கு அது பொருந்தலாம்; அலுவலகம் போய்வந்த ஒரு ஃபியட்டுக்கு எதற்கு?

அடுத்த தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தியாவில் செய்த காரை, வெளிநாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'சரிசெய்வது'. ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்ட். சென்னை வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதைச் செய்தது. பிரிட்டனில் ஹெரால்ட் கடைசிவரை இரண்டு கதவு காராகவே இருந்தது. பின் சீட்டில் குடும்பமே ஏறும் நம் ஊருக்கு அது ஒத்துவரவில்லை. 1960-களின் பிற்பகுதியில் வண்டலூரில் நாலு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் இல்லாத வடிவம் அது. 1972-இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெஸெல் மாடலில் பின் ஆக்ஸிலையும் மாற்றினார்கள். இப்படிப்பட்ட காருக்கு இங்கிலாந்திலிருந்து ட்ரையம்ஃப் பேட்ஜ், ட்ரையம்ஃப் கிரில் எல்லாம் வரவழைத்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செலவு செய்து, காரிடம் இருந்த ஒரே அபூர்வத்தையும் அழித்துவிடுகிறார்கள். பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். வண்டலூர் ஹெரால்டுக்கு எங்கே போவது?

அம்பாசிடரிலும் இதேதான். மூலம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசை. ஆனால் 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவில் அதை மார்க் 1, மார்க் 2 என்று தன் வழியில் மாற்றிக்கொண்டே போனது. மார்க் 1-இன் முகப்பு கிரில் வேறு, மார்க் 2-இன் கிரில் வேறு. 1990-களில் வந்த 1800 ஐ.எஸ்.இசட்-இல் இசுஸு இன்ஜின், தனித்தனி சீட், ஃப்ளோர் கியர். பழைய மார்க் 1-இல் ஸ்டீயரிங்கை ஒட்டிய ஹேண்ட் கியரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஐ.எஸ்.இசட்-இன் ஃப்ளோர் கியரையும் சீட்டையும் போட்டு, 'ஒரிஜினல் 1960 மாடல்' என்று அட்டை வைப்பதைப் பார்க்கலாம். ஓட்ட சௌகரியமாக இருக்கும், மறுக்கவில்லை. அதை ஒரிஜினல் என்று சொல்வதுதான் பிரச்சினை. அமெரிக்கக் கார்களிலும் கவனம் வேண்டும்: ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாய் சேவ்ரியில் பாகங்களைப் பொருத்திக் கார்களை உருவாக்க ஆரம்பித்துவிட்டது. அப்படி வந்த செவ்ரலேவின் சில பாகங்கள் அமெரிக்கக் கையேட்டோடு ஒத்துப்போகாவிட்டால், தவறு காரில்தான் என்று முடிவுகட்ட வேண்டாம்.

டீசல் இன்ஜின் விஷயம் சிக்கலானது. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது, பெரிய பெரிய பிளைமவுத், டாட்ஜ் கார்களில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றினார்கள். சென்னை சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் இன்ஜின்கள் இந்த வேலைக்குப் பெயர் போனவை. டாக்ஸியாக ஓடிப் பிழைத்த கார்கள் அவை. அந்த டீசல் இல்லையென்றால் பல என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும். அதனால் டீசல் மாட்டியவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. ஆனால் கண்காட்சிக்குக் கொண்டுவரும்போது மாற்றத்தை மறைக்காமல் எழுதி வையுங்கள். பழைய பெட்ரோல் இன்ஜின் ஷெட் மூலையில் கிடந்தால், பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் வெறும் ரசனை மட்டுமல்ல, சட்டமும்கூட. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவில் பராமரித்த வாகனத்தை மட்டுமே விண்டேஜ் என்று பதியலாம். சேசிஸ் எனும் அடிச்சட்டம், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. 1985 அம்பாசிடரை விண்டேஜ் என்று நினைத்துக் கிளம்புவது ஒன்று. விண்டேஜாகப் பதிந்த பிறகு அதில் தினமும் கடைக்குப் போவது இன்னொன்று. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடவே கூடாது.

வாங்கும்போது ஆர்.சி. புக்கில் உள்ள சேசிஸ் எண்ணைக் காரில் நேரில் தேடிப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர்களை என்ன சொல்வது! புக்கில் இருப்பது பதிவு செய்த ஆண்டு. கார் அதற்கு முன்பே செய்யப்பட்டிருக்கலாம், ஊர் மாறி மறுபதிவு ஆகியிருக்கலாம். இறந்துபோனவர் பெயரிலேயே புக் இருந்தால், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடும்வரை பொறுங்கள்.

சரி, காகிதம் முடிந்தது. ஓட்டிக்கொண்டு வரவேண்டுமே.

பெட்ரோலில் ஈயம் போனதைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புவார்கள். இந்தியாவில் அது 2000-லேயே முடிந்த கதை. ஈயம் இல்லாவிட்டால் இன்ஜினின் வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வ் உட்காரும் இடம் தேயும் என்பது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக ஓடும் காருக்கு அது அவசரமில்லை. அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது வால்வுக்குக் கெட்டியான சீட் வளையம் போட்டுக்கொள்ளலாம். இப்போதைய உண்மையான எதிரி எத்தனால். பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை அதுதான். பழைய ரப்பர் ஹோஸை அது ஊறவைத்துப் பிளக்கும், ஈரத்தை இழுத்து டேங்கில் துரு ஏற்றும், அரக்குப் பூசிய கார்க் மிதவை இருக்கும் கார்பரேட்டரில் அரக்கையே கரைத்துவிடும். இன்ஜினில் எங்கே பெட்ரோல் ஹோஸ் இருக்கிறதோ அங்கெல்லாம் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்யுங்கள். கசியும் பெட்ரோலும், புகையை வெளியேற்றும் சூடான மேனிஃபோல்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தீயணைப்பான் சீட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும், டிக்கியில் பூட்டி வைக்க வேண்டாம்.

பேரணி என்றால் ஊர்ந்து போவது. பழைய காரின் ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. வண்டி நின்றால் அதுவும் சோம்பிவிடும். ஆஸ்டின் செவன் போன்றவற்றில் தண்ணீர் பம்பே கிடையாது, சூடேறிய தண்ணீர் தானாக மேலெழும்பித்தான் சுற்ற வேண்டும். சென்னை வெயிலில் அமைச்சர் வந்து கொடியசைக்கும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தால், கொதிக்காமல் என்ன செய்யும்? அணைத்துவிடுங்கள். கொதித்துவிட்டால் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பீறிட்டு வரும் வெந்நீர் முகத்தில்தான் அடிக்கும். பெட்ரோல் பம்ப் சூடாகி பைப்பில் ஆவி அடைத்தால், ஈரத்துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் போதும்.

பேட்டரி இறங்கிப்போனால் பக்கத்தில் நிற்கும் புது காரிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்ய உதவிக்கு நாலு பேர் ஓடிவருவார்கள். அவர்களை நிறுத்துங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த், அதாவது காரின் உடம்போடு இணைந்தது. இன்றைய கார்களில் நெகட்டிவ். 1950-கள் வரையிலான பல அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் டைனமோவோ பல்போ, ஏதோ ஒன்று போகும். டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் வரிகள், நன்றாக இருக்கிறது என்று நம்புவதும் ஆபத்து. ஓடாமல் நின்ற டயரில் பட்டன் தேயாது, ரப்பர் செத்துப்போகும். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். பிரேக் விஷயத்தில் முன்னால் போகும் புது காரோடு போட்டி வேண்டாம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள கார், புது கார் நிற்கும் தூரத்தில் நிற்காது.

ஃபோர்டு மாடல் டி கிடைத்தவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மூன்று பெடல் இருக்கும், ஆனால் எதுவும் நீங்கள் நினைக்கிற வேலையைச் செய்யாது. இடது பெடல்தான் கியர், நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். ஆக்ஸிலரேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்கம் ஒரு நெம்புகோல். அவசரத்தில் பழக்கதோஷத்தால் நடுப் பெடலை மிதித்தால் பின்னால் நிற்பவர் கதி அதோகதி. கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது ஸ்பார்க் விழும் நேரத்தை மாற்றும் நெம்புகோலைத் தாமதத்தில் வைத்து, கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கைப்பிடியைக் கட்டைவிரலால் வளைத்துப் பிடித்தவர்களில் விரலோ மணிக்கட்டோ முறிந்தவர்கள் ஏராளம். 1912-இல் கெடிலாக் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த ஆபத்து மெல்ல ஒழிந்தது.

காருக்கு முன்னால் வைக்கும் அட்டையிலும் நிதானம் வேண்டும். 'மகாராஜா கோபத்தில் ரோல்ஸ் ராய்ஸை வாங்கிக் குப்பை அள்ள விட்டார்' என்ற கதையை அல்வார், பரத்பூர், பாட்டியாலா, ஹைதராபாத் என்று ஊர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ராஜா மாறிக்கொண்டே இருப்பதிலிருந்தே அதன் லட்சணம் தெரிகிறது. இன்னொன்று: இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ரோல்ஸ் ராய்ஸின் பாடியைப் பொதுவாகக் கம்பெனி செய்ததில்லை. அது சேசிஸை மட்டும் விற்றது; பாடியைப் பார்க்கர், ஹூப்பர் போன்ற பட்டறைகள் கட்டின. அட்டையில் பாடி கட்டியவர் பெயரையும் எழுதுங்கள். நடிகர் ஓட்டிய கார் என்றால் பழைய ஆர்.சி. நகலை ஒட்டுங்கள், இல்லையென்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபுட்போர்டில் குழந்தையை ஏற்றிப் படம் எடுக்காதீர்கள், பெல்ட் பக்கிள் உரசும்படி சாயாதீர்கள், பித்தளை விளக்கைத் தொடாதீர்கள். கை வியர்வை பட்ட இடம் கறுத்துவிடும். 'லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்' என்ற கேள்வியை உரிமையாளர் அன்று காலையிலிருந்தே கேட்டுச் சலித்திருப்பார். பானெட்டைத் திறந்து காட்ட முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார், அரைமணி நேரம் விடவும் மாட்டார்.