குலைநோய்: கழுத்து ஒடியும் முன்னே பிடிப்பது
ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டுவிட்டுப் பெய்து, விடியலில் இலையில் பனி நின்றால் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துச் சம்பா வயலில் நெல்லின் பூஞ்சை நோயான குலைநோயைத் தேட வேண்டிய நேரம் அது. பிபிடி 5204 நெல் போட்டவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. அந்த ரகத்தில் சீக்கிரம் தொற்றும்.

வரப்போரம் மட்டும் நடக்காமல் உள்ளே இறங்கிப் பாருங்கள். இலைப் புள்ளி கண் வடிவில், இருமுனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு என்றால் குலைநோய். எள் மாதிரி முட்டை வடிவப் புள்ளியானால் அது செம்புள்ளி நோய். சந்தேகமா? இலைத் துண்டை ஈரத் தாளில் வைத்து டப்பாவில் மூடி ஓரிரவு விடுங்கள்; குலைநோய் என்றால் புள்ளிமேல் சாம்பல் பூஞ்சணம் தெரியும்.

பயிர் வெளிறியதும் யூரியாவை அள்ளிப்போடுவதுதான் பெரிய தப்பு. நோய் தெரிந்தால் யூரியாவைத் தள்ளிப்போடுங்கள், வயலைக் காயவிடாதீர்கள்.

அடிக்க வேண்டிய பூஞ்சைக்கொல்லி டிரைசைக்ளசோல் 75 தூள், ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில்; பத்து லிட்டர் டேங்குக்கு 6 கிராம். நேரே டேங்கில் கொட்டினால் கட்டி தட்டி நாசில் அடைக்கும்; குவளையில் கரைத்து ஊற்றுங்கள். பனி உலர்ந்தபின் அடியுங்கள். கதிரின் கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலைநோய்க்கு, கதிர் எட்டிப் பார்க்கும்போதே அடிக்கணும். கழுத்து கறுத்துக் கதிர் பதரானபின் மருந்து வீண் செலவு. வெண்கதிர் இழுத்ததும் கையோடு வந்தால் அது தண்டுத்துளைப்பான் புழுவின் வேலை.

அடுத்த போகத்துக்கு நோய் வந்த வயலில் விதை எடுக்காதீர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து விதையுங்கள்.