செம்பருத்திக் குச்சியில் வேர் பிடிக்க வைப்பது எப்படி?

நட்ட குச்சி துளிர்த்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு, பத்தே நாளில் அது கருகி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? என்னுடைய முதல் ஆறு குச்சிகளும் அப்படித்தான் போயின. துளிர் விட வேர் தேவையில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. குச்சிக்குள் இருக்கும் மாவுச்சத்தையும் ஈரத்தையும் வைத்தே இலை வந்துவிடும். அந்த இருப்பு தீர்வதற்குள் வேர் வராவிட்டால் கதை முடிந்தது. வேர் வரும்வரை குச்சி காயவும் கூடாது, அழுகவும் கூடாது. கீழே சொல்லும் எல்லா வேலையும் அதற்காகத்தான்.

பழகுவதற்கு ஐந்து இதழ் சிவப்பு நாட்டுச் செம்பருத்திதான் நல்லது. பெரிய பூ பூக்கும் ஹைபிரிட் வகைகள் அடம்பிடிக்கும், அவை அப்புறம். சித்திரை வெயிலில் ஆரம்பிக்க வேண்டாம். ஆடி, ஆவணியில் போடுங்கள்.

குச்சி வெட்டுவது

தாய்ச்செடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேறு வீட்டில் கேளுங்கள். பென்சில் பருமனில், பட்டை பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும் கிளை வேண்டும். நுனித் தளிர் வாடிவிடும், நன்றாக முற்றிய கட்டையில் வேர் வரத் தாமதமாகும்.

காலையிலேயே, சானிடைசரில் துடைத்த கத்தியால் 6 அங்குல நீளத்தில் வெட்டுங்கள். மூன்று, நான்கு கணுக்கள் இருக்க வேண்டும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டினால் எது தலை, எது கால் என்று குழப்பம் வராது. (நான் ஒருமுறை தலைகீழாக நட்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள்.)

மொட்டு, பூ, கீழ் இலைகள் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். மேலே இரண்டு இலைகள் மட்டும் போதும், அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். இலை அதிகமானால் ஈரம் அதன் வழியாகவே போய்விடும். இலையே இல்லாவிட்டால் வேருக்கு வேண்டிய உணவு தயாராகாது.

நர்சரியில் வேர் ஊக்கிப் பொடி கிடைத்தால் அடிப்பகுதியைத் தொட்டு, லேசாகத் தட்டிவிடுங்கள். நாட்டுச் செம்பருத்திக்கு அது இல்லாமலும் வேர் வரும். தேன் தடவச் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

மண் கலவை

நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். சத்தாக இருக்கட்டும் என்று மண்புழு உரமும் தோட்டத்து மண்ணும் போடுவார்கள். வேரே இல்லாத குச்சி உரத்தை எதைக் கொண்டு சாப்பிடும்? அதற்கு வேண்டியது காற்றும் ஈரமும்தான். ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் மல்லிகைப் பதியன் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறார்களே, அந்த மண்ணைப் பாருங்கள். வெறும் மணல்பாங்கான பூமி.

கழுவிய மணல் பாதி, தேங்காய் நார்க்கழிவு பாதி எடுத்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவை இரண்டு தடவை ஊறவைத்துப் பிழிந்தால் உப்பு போய்விடும். கலவையைக் கைப்பிடி எடுத்து அழுத்தும்போது ஒன்றிரண்டு சொட்டு வடிந்தால் சரியான பதம். ஒழுகினால் ஈரம் அதிகம்.

நடுவது

ஜூஸ் கடையில் தரும் தெளிவான பிளாஸ்டிக் கப்பின் அடியில் நாலு துளை போட்டுக் கலவையை நிரப்புங்கள். பென்சிலால் குழி குத்தி, இரண்டு கணு உள்ளே போகும்படி குச்சியை இறக்கி, சுற்றிலும் அழுத்திவிடுங்கள். வேர்ப்பகுதி இருட்டாக இருக்க, இந்தக் கப்பை நிறமுள்ள இன்னொரு கப்புக்குள் வையுங்கள். அதன் அடியிலும் துளை வேண்டும். மேலே, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடுங்கள்.

வெளிச்சமான நிழலில் வையுங்கள். நேர் வெயில் பட்டால் பாட்டிலுக்குள் குச்சி வெந்துவிடும். தினமும் பத்து நிமிடம் பாட்டில் மூடியைத் திறந்து காற்று விடுங்கள். பாட்டிலின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

காத்திருப்பது

இலை மஞ்சளாகி விழுந்தால் பதறாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அடி கறுத்து மெத்தென்று ஆனால் மட்டும் தூக்கிப் போடுங்கள். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கும் கையைக் கட்டி வையுங்கள். அப்போதுதான் எட்டிப் பார்க்கும் வேர் அதில் அறுந்துவிடும். வெளிக் கப்பைக் கழற்றிப் பார்த்தாலே போதுமே, அதற்குத்தானே தெளிவான கப்.

பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் வெள்ளை வேர் சுவரோரம் ஓடும். ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்டதும், ஒரு வாரம் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிப் பழக்கி, பிறகு மண்ணோடு தொட்டிக்கு மாற்றுங்கள். உரம் போட ஆசையாக இருந்தால், புது மண்ணில் இரண்டு மூன்று இலை விரிந்த பிறகு போடுங்கள்.

முருங்கைப் போத்துக்கு (நடுவதற்கு வெட்டும் கிளைக்கு) இந்தப் பாட்டில் வித்தை தேவையில்லை. வெட்டிய தலையில் ஓர் உருண்டை சாணியை அப்பி விடுவார்கள் ஊரில். அதுவும் ஈரம் போகாமலிருக்கத்தான். கறிவேப்பிலைக் குச்சியோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். மரத்தடியில் முளைக்கும் பக்கக்கன்றைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.