பழைய டொயோட்டா பிக்கப்பில் இன்ஜின் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1988 முதல் 1995 வரை விற்ற டொயோட்டா ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பின் 3.0 லிட்டர் வி6 இன்ஜின், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போவதற்கே பேர் வாங்கியது. கியர்பாக்ஸும் ஆக்சிலும் அசராமல் உழைக்கும், 150 குதிரைத்திறன் இன்ஜின் மட்டும் மேட்டில் திணறும். அதனால்தான் பலரும் டொயோட்டாவின் டகோமா, 4ரன்னர் வண்டிகளில் வந்த 3.4 லிட்டர் வி6-ஐ ஏற்றுகிறார்கள். 190 குதிரைத்திறன், அதே இன்ஜின் குடும்பம். நல்ல முடிவுதான். ஆனால் இந்த வேலை பாதியில் நிற்பது பெரும்பாலும் இன்ஜினால் இல்லை, அதைச் சுற்றியிருக்கும் சாமான்களால்.

முதல் தவறு, காயலான் கடையில் வெறும் இன்ஜினை மட்டும் மலிவாக வாங்குவது. சீக்கிரம் இறக்க வேண்டும் என்று வயரிங்கை கட்டரால் வெட்டியிருப்பார்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இருக்காது, ஏர் ஃப்ளோ சென்சார், ஏசி பிராக்கெட், பவர் ஸ்டீயரிங் பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தேடி அலைந்து முடிக்கும்போது முழு வண்டியின் விலையே ஆகியிருக்கும். விபத்தில் அடிபட்ட, ஆனால் ஸ்டார்ட் ஆகிற வண்டியை முழுசாக வாங்குங்கள். ஓடவிட்டுக் கேட்டு, சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தம் பார்த்துவிட்டுப் பிறகு காசு கொடுங்கள். உங்கள் வண்டி மேனுவல் கியர் என்றால் கம்ப்யூட்டரும் மேனுவல் வண்டியுடையதாக இருக்கட்டும். ஆட்டோமேட்டிக் கம்ப்யூட்டரை மாட்டினால், இல்லாத கியர் சொலினாய்டை (கியர் மாற்றும் மின் வால்வை) தேடிக்கொண்டு எச்சரிக்கை விளக்கை அணையவே விடாது.

அடுத்தது, நாலு சிலிண்டர் வண்டியிலும் இதே வேலைதான் என்று நினைப்பது. 3.0 வி6 மேனுவல் வண்டியின் கியர்பாக்ஸில் 3.4 நேராக போல்ட் ஆகும். 22ஆர், 22ஆர்இ என்ற நாலு சிலிண்டர் இன்ஜின் வந்த வண்டியின் கியர்பாக்ஸில் ஆகாது. கியர்பாக்ஸ் மாறினால் அதைத் தாங்கும் கிராஸ்மெம்பர் இடம் மாறும், முன் பின் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளமும் மாறும், பட்ஜெட்டும் கூடவே மாறும். அதிலும் கார்புரேட்டர் 22ஆர் என்றால் பெட்ரோல் பம்ப் சில பிஎஸ்ஐ அழுத்தம்தான் தரும், இன்ஜெக்ஷனுக்கு 40 பிஎஸ்ஐ அளவுக்கு வேண்டும். டேங்க்குக்குள் பம்ப், அழுத்தம் தாங்கும் லைன் எல்லாம் புதிதாகப் போட வேண்டும்.

இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை அவசரப்பட்டு வெல்டிங் செய்யாதீர்கள், எனக்கு ரொம்பவும் ஆதங்கம் தருகிற தவறு இதுதான். 1985 வரை வந்த வண்டிகளில் முன் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது டிஃபரென்ஷியலும் சேர்ந்து மேலே வரும். வண்டி நிற்கும்போது இன்ஜின் அடியிலுள்ள ஆயில் சம்புக்குக் கீழே கை நுழைகிறதே என்று திருப்தியாகிவிட்டால், முதல் பாறையிலேயே சம்ப் நசுங்கும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்சிலை பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே வந்து முட்டி நிற்கும் ரப்பர் கட்டை) வரை ஜாக்கியால் தூக்கிப் பாருங்கள். 1986 முதல் வந்தவற்றில் டிஃபரென்ஷியல் சேஸோடு நிற்கிறது, ஆனாலும் இன்ஜின் முறுக்கும்போது அசையும் என்பதற்கு இடம் விடுங்கள். ரேடியேட்டர், ஃபேன், ஸ்டீயரிங் ஷாஃப்ட், சைலன்சர் பைப் எல்லாவற்றையும் மாட்டிப் பார்க்கும் வரை அங்கங்கே பொட்டு வைக்கும் டேக் வெல்டிங் போதும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் ஆயில் சீல், கிளட்ச் எல்லாம் மாற்றிவிடுங்கள். சில நூறு டாலர் மிச்சம் என்று விட்டால், அந்த ஒரு சீலுக்காக அப்புறம் கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

சட்ட விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளுவது இன்னொரு தவறு. கலிஃபோர்னியாவில் இன்ஜின் உங்கள் வண்டியின் மாடல் ஆண்டோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும், அதனோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான்கள் மொத்தமும் வேண்டும், மாநில ஸ்மாக் ரெஃப்ரி (புகை விதிப்படி வண்டியைச் சோதிக்கும் நடுவர்) பார்த்துச் சான்று தர வேண்டும். எனவே கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் சார்கோல் கேனிஸ்டரையும் சுமை என்று விற்றுவிடாதீர்கள், இன்ஜினுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே உங்கள் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.