வால்வு அம்ப் இரைந்தால் எர்த் வயரை வெட்டாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் கிற்றார் வாசிக்கிற பெடியள் கூடிவிட்டார்கள். அதில் சிலர் வால்வு அம்பை, அதாவது கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிற்றார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியை, தாங்களே கட்டிப் பார்க்கவும் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் கட்டி முடித்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று சத்தம் வந்த உடனே எல்லாரும் ஒரே பிழைகளை, அதுவும் ஒரே வரிசையில் விடுகிறார்கள். நாங்கள் பழகின காலத்தில் விட்ட அதே பிழைகள். சோல்டர் பிடிக்காதது, கப்பாசிற்றரை மாறிப் போட்டது எல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுவிட்சை நிறுத்தின பிறகும் பவர் சப்ளையில் கரண்டைத் தேக்குகிற பில்டர் கப்பாசிற்றருக்குள் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். மீற்றர் வைத்துப் பார்த்து, இறங்கின பிறகே கை வைக்கவேண்டும்.

என்ன சத்தம் என்று கேளாமல் திறப்பது

ஹம் என்பது அந்த 'ம்ம்ம்'தான். எல்லா ஹம்மும் ஒன்றல்ல. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அந்த 50 அப்படியே கேட்டால் வால்வைச் சூடாக்குகிற ஹீட்டர் வயரையோ, எர்த் வளையத்தையோ, ரான்ஸ்போமருக்குக் கிட்டப் போகிற ஏதாவது வயரையோ சந்தேகப்படலாம். பவர் சப்ளையிலிருந்து வருவது 100 ஆக வரும், ஏசியை டிசியாக்குகிற ரெக்டிபயர் இரண்டு அரைச்சுற்றையும் எடுப்பதால். இணையத்தில் 60, 120 என்று போட்டிருப்பது அமெரிக்கக்காரருக்கு, அதை வைத்து இங்கே தேடாதீர்கள். அளக்க மெஷின் ஒன்றும் வேண்டாம். சுருதி சரியாக இருக்கிற கிற்றாரில் தடித்த ஆறாவது தந்தி, மூன்றாவது பிரெட்: அது ஜி, 98 ஹேர்ட்ஸ். ஹம் அதோடு கிட்டத்தட்ட ஒட்டி நின்றால் 100, ஒரு ஸ்தாயி கீழே கிடந்தால் 50. தொண்ணூறுகளில் வன்னியில் கரண்ட் இல்லாத நேரம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், எது டைனமோ இரைச்சல், எது ஸ்டேசன் இரைச்சல் என்று அவர்கள் காதாலேயே பிரிப்பார்கள். அந்தக் காது இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்தது வொலியூம். அதைக் கூட்டிக் குறைக்க ஹம்மும் கூடிக் குறைந்தால் வருத்தம் சுற்றில் வொலியூமுக்கு முன்னால். அசையாமல் நின்றால் பின்னால். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும், ஆனால் ஒருவரும் செய்வதில்லை.

கிற்றாரை மறப்பது

கிற்றாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். ஹம் கூடிக் குறைந்தால் குற்றம் தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பில்.

எர்த் வயரை வெட்டுவது

இதைக் காண்கிற ஒவ்வொரு தரமும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

மல்லாவிப் பக்கமிருந்து ஒரு தம்பி அம்ப் ஒன்றைக் கொண்டுவந்தான். ஈஎல்84 அவுட்புட் வால்வு இரண்டு போட்டு, பெட்டியெல்லாம் வடிவாக அடித்திருந்தான். வீட்டில் தனியாக வாசித்தால் சத்தமே இல்லை, சபையில் மிக்சரோடு கோர்த்தால் மட்டும் பெரிய ஹம். "எர்த்தைக் கழற்றினேன் அண்ணை, துப்புரவாக நின்றுவிட்டது" என்று பெருமையாகச் சொன்னான். அவன் வந்ததோ வேறு விஷயத்துக்கு: மிக்சருக்குப் போகிற கேபிளைக் கோர்க்காமல் வாசித்துப் பாடும்போது மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று அடிக்கிறதாம். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

பிளக்கைத் திறந்தேன். பச்சை மஞ்சள் வயரை ஒட்ட வெட்டி, கறுப்பு டேப் சுற்றி, மடித்து உள்ளே தள்ளியிருந்தான். அம்பைப் போட்டு, மீற்றரின் ஒரு முனையைக் கிற்றார் தந்தியிலும் மற்ற முனையை எர்த் உள்ள சொக்கெற்றிலும் வைத்தேன். 200க்கு மேல் காட்டியது. தம்பி கிற்றாரை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

அவன் பார்த்துக் கட்டினது 1960களின் அமெரிக்க வரைபடம் ஒன்று. அந்தக் காலத்து அம்புகளுக்கு இரண்டு பின்தான், எர்த் கிடையாது. ஹம்மைக் குறைக்க மின்வயரில் ஒன்றிலிருந்து சேசிஸுக்கு, அதாவது அம்பின் உலோகச் சட்டத்துக்கு, 0.05 மைக்ரோபரட் கப்பாசிற்றர் ஒன்றைப் போட்டிருப்பார்கள். "வரைபடத்தில் இருந்தது, போட்டேன்" என்றான். அவன் போட்டது லைவ் பக்கத்தில். 230 வோல்ற்றில் அதனூடாக ஏறக்குறைய மூன்றரை மில்லி அம்பியர் போகும். உதட்டில் அடித்த சுள் அதுதான். எர்த் இருந்த நாட்களில் அது பேசாமல் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது, எர்த்தை வெட்டின பிறகு, மிக்சர் கேபிளும் இல்லாத நேரம் தந்தியில் வந்து காத்திருந்தது. அந்தக் கப்பாசிற்றரோ ரான்ஸ்போமரின் சுற்றோ ஒரு நாள் சோட் ஆனால் முழு 230ம் தந்தியில் நிற்கும். கை தந்தியில், வாய் மிக்சர் வழியாக எர்த் ஆன மைக்கில். கரண்ட் போகிற பாதை நெஞ்சுக்குள்ளால்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில்: "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே அண்ணை?" இருக்கிறது. எர்த் இருந்தால் பழுது வந்த அந்தக் கணமே, ஒருவரும் தொடாமல், அது விழும். எர்த் இல்லாவிட்டால் ஒழுகுகிற பாதையாக ஒரு ஆள் வந்து தொட்ட பிறகுதான் விழும், அதுவும் அதை விழுத்துகிற 30 மில்லி அம்பியர் உங்களுக்குள்ளால் போன பிறகு. டெஸ்ட் பட்டனை அமத்தினால் விழுகிறதே என்பார்கள். அந்தப் பட்டன் சுவிட்சைத்தான் பரிசோதிக்கிறது, எர்த்தை அல்ல. இன்னொன்றும் கண்டிருக்கிறேன்: சொக்கெற்றில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயரே இருக்காது. வெளியே மண்ணில் எர்த் கம்பி அடித்திருந்தாலும் கோடையில் மணல் காய்ந்தால் அது நன்றாகப் பிடிக்காது. வயரிங் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து பாருங்கள். அம்புக்கு வாங்குகிற எந்தச் சாமானை விடவும் இது முக்கியம்.

சரி, ஹம் ஏன் நின்றது? அம்பும் மிக்சரும் வேறு வேறு சொக்கெற்றில் இருந்தன. இரண்டுக்கும் எர்த் உண்டு, நடுவில் அம்பை மிக்சரோடு கோர்க்கிற லைன் கேபிளின் ஷீல்டும் (வெளிப்பின்னல்) அவற்றைத் தொடுக்கிறது. ஒரு வட்டம் பூர்த்தியாகி, அதில் 50 ஹேர்ட்ஸ் ஓடுகிறது. வட்டத்தை வெட்டினால் ஹம் நிற்கும், உண்மைதான், ஆனால் வெட்டவேண்டிய இடம் பிளக் இல்லை. முதலில் இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் கொழுவிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு சரி. நிற்காவிட்டால் லைன் கேபிளில் ஓடியோ ரான்ஸ்போமர் உள்ள டிஐ பொக்ஸ் (அம்பின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி) போடுங்கள். அதிலிருக்கிற கிரவுண்ட் லிப்ட் சுவிட்ச் கேபிளின் ஷீல்டை மட்டும்தான் பிரிக்கும். பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும்.

அந்தத் தம்பியின் கப்பாசிற்றரை வெட்டி எறிந்தேன். பச்சை மஞ்சள் வயருக்குச் சேசிஸில் தனி போல்ட் துளைத்துக் கொடுத்தேன், ரான்ஸ்போமரைப் பிடிக்கிற போல்ட்டில் அல்ல, ஏனென்றால் அதை யாராவது ஒரு நாள் தளர்த்துவார்கள். ஒரே மல்டி பிளக்கில் போட்டார்கள், ஹம் இல்லை.

முதல் கப்பாசிற்றரின் மைனஸை கிடைத்த இடத்தில் கொழுவுவது

எர்த் சரி, 100 ஹேர்ட்ஸ் கரகரப்பு மட்டும் போகவில்லை என்றால் உடனே முதல் பில்டர் கப்பாசிற்றரின் 47 மைக்ரோபரட்டை 100 ஆக்குவார்கள், பிறகு 220. அதன் மைனஸ் பிழையான இடத்தில் கிடந்தால் கரகரப்பு இன்னும் கூடும். ஈஇசட்81 மாதிரி வால்வு ரெக்டிபயர் என்றால் அதற்கு 50 மைக்ரோபரட்தான் உச்ச வரம்பு, அதையும் சேர்த்துக் கெடுப்பீர்கள்.

ரெக்டிபயர் அந்தக் கப்பாசிற்றரைத் தொடர்ந்து நிரப்புவதில்லை, வினாடிக்கு 100 தடவை துடிப்பாகத்தான் நிரப்புகிறது. சராசரியாக 100 மில்லி அம்பியர் எடுக்கிற அம்பில் ஒவ்வொரு துடிப்பும் அரை அம்பியர் அளவுக்கு ஏறலாம். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் பத்து சென்ரிமீற்றர் துண்டுக்கு ஏறக்குறைய மூன்றரை மில்லி ஓம் இருக்கும். அந்தத் துண்டையே முதல் வால்வின் கிரவுண்டுக்கும் பாவித்தால் அதில் ஒன்றே முக்கால் மில்லிவோல்ற் ஆடும். கிற்றார் தருவதே 100 மில்லிவோல்ற் அளவுதான், முதல் வால்வான 12ஏஎக்ஸ்7 கிற்றார் சிக்னலையும் இந்த ஆட்டத்தையும் சேர்த்தே 50, 60 மடங்கு பெருக்கிவிடும். இரணைமடு வாய்க்காலில் மேலே ஒருவன் மடையைத் திறந்து திறந்து மூடினால் கடைசி வயல்காரனின் மட்டம் ஆடுகிற மாதிரித்தான்.

ரான்ஸ்போமரின் நடுமுனை நேராக முதல் கப்பாசிற்றரின் மைனஸ் காலுக்கே போகவேண்டும். அவுட்புட் வால்வுகளின் கதோட்டும் அங்கேதான். அங்கிருந்து ஒரு வயர் அடுத்த கப்பாசிற்றருக்கு, அப்புறம் பிரீஅம்புக்கு. சிக்னல் கிரவுண்ட் சேசிஸைத் தொடுவது ஒரே இடத்தில், இன்புட் ஜாக்கருகில்.

ஹீட்டர் வயர்

முறுக்குங்கள். இறுக்கமாக. 6.3 வோல்ற் சுற்றுக்கு நடுமுனை இல்லையென்றால் இரண்டு 100 ஓம் ரெசிஸ்ரர், ஒவ்வொரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒன்று.

பென்சிலால் தட்டுவது

ஆட்டமான இணைப்பைத் தேடி அம்பின் உள்ளே பென்சிலால் தட்டாதீர்கள். பென்சிலுக்குள் இருப்பது கிராபைட். கரண்டைக் கடத்தும். மூங்கில் குச்சி எடுங்கள்.

இரைந்தால் வால்வை மாற்றுவது

கொழும்பில் முதலாம் குறுக்குத் தெரு முழுக்கத் தேடியோ வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தோ வால்வு வாங்கி, வந்த பிறகும் அதே இரைச்சல் என்றால் மனம் விட்டுப்போகும். வாங்க முதல் இருக்கிற இரண்டு 12ஏஎக்ஸ்7ஐயும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுங்கள். சத்தம் மாறினால் வால்வு, மாறாவிட்டால் சுற்று. 'ஸ்ஸ்' என்ற சத்தம் மட்டும்தான் என்றால் முதல் வால்வின் பிளேட்டிலுள்ள 100 கிலோ ஓம் கார்பன் ரெசிஸ்ரரை எடுத்துவிட்டு மெட்டல் பில்ம் போடுங்கள், குறையும். முழுக்கப் போகாது, வால்வு அம்பில் கொஞ்சம் இருக்கும்.

வெளியே இருக்கிறதை உள்ளே தேடுவது

ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோர வீடு ஒன்றில் 'டக்... டக்...' என்று வினாடிக்கு ஒரு தரம் அடிக்கிற அம்ப். கட்டினவன் கப்லிங் கப்பாசிற்றர் எல்லாம் மாற்றி முடித்துவிட்டான். ஒரு பற்றரி றேடியோவை மத்திய அலையில், ஸ்டேசன் இல்லாத இடத்தில் வைத்து முற்றத்துக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் அதே டக். யானை வேலி. வேலிக்குக் கரண்ட் கொடுக்கிற மெஷின் விட்டு விட்டுத் துடிப்பு அனுப்பும், கம்பியில் கொடி பட்டோ இன்சுலேற்றர் உடைந்தோ பொறி பறந்தால் அக்கம்பக்கத்து றேடியோவில் எல்லாம் கேட்கும்.

முதல் வால்வில் சிக்னல் நுழைகிற கிரிட் காலிலேயே 68 கிலோ ஓம் ரெசிஸ்ரர், ஜாக்கிலிருந்து ஷீல்ட் வயர், திறந்து கிடந்த சேசிஸுக்கு அடியில் தகரம். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்கு வேலியைப் பராமரிக்கிற ஆட்களிடம் சொல்லிக் கொடியை வெட்டுவிக்கச் சொன்னேன். நிறுத்தித்தான் பார்ப்போமே என்று அவன் கேட்டான். யானை வருகிற ஊரில் வேலியை நிறுத்தியா அம்ப் திருத்துவது?