டெஸ்க்ல காது வச்சு கேக்குற எக்ஸ்பெரிமென்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டீச்சிங் பிராக்டிஸ்க்கு வர்ற பி.எட் பசங்க கிளாஸ் எடுக்குறத கடைசி பெஞ்ச்ல உக்காந்து பாக்குறதுதான் எனக்கு வேலை. திடப்பொருள்ல ஒலி போகும்னு காட்ட எல்லாரும் டெஸ்க்கைத்தான் புடிக்கிறாங்க, நாங்க அந்தக் காலத்துல சொதப்புன அதே இடத்துல கரெக்டா வந்து சொதப்புறாங்க. தீப்பெட்டி போன்ல நூல் தொங்குது, ஓட்டை பெருசாயிருச்சுங்கிறதெல்லாம் பசங்களே கண்டுபிடிச்சிருவாங்க, அத விட்ருவோம்.

ஃபேன்

ஆஃப் பண்ணுங்க.

ஓங்கித் தட்டுறது

டெஸ்க்க குத்துனா கிளாஸ் முழுக்க கேக்கும், அப்புறம் காது வச்சு என்ன பிரயோஜனம்? நகத்தால லேசா சுரண்டணும், தலைய நிமித்துனா கேட்டும் கேக்காத மாதிரி இருக்கணும். நிமித்தும்போது காதுக்கும் விரலுக்கும் தூரம் மாறக்கூடாது. பாதிப்பேரு எந்திரிச்சு நின்னுட்டு "இப்ப கேக்கல சார்"ங்கிறாங்க, தள்ளிப் போனா கேக்காதுதானப்பா.

சத்தமா கேட்டா வேகமா வருதுன்னு எழுதுறது

எனக்கு இன்னிக்கும் கடுப்பேத்துறது இதுதான். பையன் காது வச்சுட்டு "சார், செமையா கேக்குது"ங்கிறான், உடனே போர்டுல "எனவே ஒலி காற்றை விட திடப்பொருளில் வேகமாகச் செல்லும்"னு எழுதிடுறாங்க. அந்த "எனவே" எங்கேருந்து வந்துச்சு? காத்துல ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், அப்போ ஒரு மீட்டர் டெஸ்க்க தாண்ட 3 மில்லிசெகண்ட், மரத்துல இன்னும் கம்மி, இந்த வித்தியாசத்த எந்தக் காதும் பிரிச்சு சொல்லாது. காத்துல சத்தம் நாலாபக்கமும் சிதறுது, பலகைல அதுக்குள்ளயே ஓடி நேரா மண்டை எலும்புக்கு வருது, அதான் பலமா கேக்குது. வேகம் உண்மைதான், ஆனா இந்த எக்ஸ்பெரிமென்ட் அத காட்டல.

ஒரு தடவ ஒரு பொண்ணு எந்திரிச்சு "மிஸ், ரெண்டும் ஒரே நேரத்துலதான கேட்டுச்சு?"ன்னு கேட்டா. "புக்ல இருக்கு, எழுதிக்கோ"ன்னு பதில் வந்துச்சு. அப்புறம் அந்த பீரியட் முழுக்க அவ வாயே திறக்கல, வகுப்புலயே கவனிச்சு கேட்டவ அவ ஒருத்திதான்.

வேகத்த காட்ட நீளம் வேணும். 1808ல பாரிஸ்ல பியோங்கிற விஞ்ஞானி 951 மீட்டர் இரும்புக் குழாயோட ஒரு முனைல அடிச்சு மறுமுனைல கேட்டப்ப, ஒரே அடி ரெண்டு தடவ கேட்டுச்சு, இரும்பு வழியா முதல்ல, காத்து வழியா சுமார் 2.5 நொடி கழிச்சு. உங்க ஸ்கூல்ல இடைல விட்டுப்போகாத 50 மீட்டர் இரும்புக் கைப்பிடி இருந்தா ட்ரை பண்ணுங்க, காத்துக்கு 0.15 நொடி, இரும்புக்கு 0.01 தான், காது வச்சா ரெண்டு டக் தனித்தனியா கேக்க வாய்ப்பு இருக்கு.

தண்டவாளம்

கூட்டிட்டு போகவே போகாதீங்க.

"துகள்லாம் நெருக்கமா இருக்கு, அதான்"

திடப்பொருள்ல ஒலி ஏன் வேகமா போகுதுன்னு கேட்டா இதத்தான் சொல்றாங்க. ஈயம் அலுமினியத்த விட நாலு மடங்கு அடர்த்தி. ஆனா ஈயக் கம்பில ஒலி நொடிக்கு 1200 மீட்டர்தான், அலுமினியக் கம்பில 5000. விறைப்ப, அதாவது பொருள் வளையாம அமுங்காம எவ்வளவு எதிர்க்குதுங்கிறத, சொல்லாம நெருக்கத்த மட்டும் சொன்னா இங்க மாட்டிக்குவீங்க.

கரண்டியும் நூலும்

எவர்சில்வர் கரண்டிய நூல்ல தொங்கவிட்டு, நூல் முனைய ரெண்டு ஆள்காட்டி விரல்லயும் சுத்தி காத அடைச்சுட்டு தட்டுனா கோயில் மணி மாதிரி கேக்கும், பசங்க விடவே மாட்டாங்க. ஆனா காத அடைச்சதாலதான் அப்படி கேக்குதான்னு ஒருத்தன் கேப்பான். நூல கழட்டிட்டு, காத மட்டும் அடைச்சு, பக்கத்து பையன விட்டு அதே கரண்டிய தட்டச் சொல்லுங்க.