போட்டோ கழுவக் கொடுப்பதா, வீட்டிலேயே பிரிண்ட் எடுப்பதா?

ஒரு கல்யாணமோ சடங்கோ முடிந்தால் போதும், போனில் படங்கள் குவிந்துவிடும். அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்களும் இப்போது ஒன்லைனில் ஓடர் கொடுத்து கூரியரில் வாங்கலாம். இல்லையென்றால் வீட்டுப் பிரிண்டரில் எடுக்கலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று விசேஷம்தான் என்றால், போட்டோவுக்காக மட்டும் பிரிண்டர் வாங்காதீர்கள் என்பேன். பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கும் அது தேவை என்றால் கதை வேறு.

1. எந்த வழியானாலும் முதலில் மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 4×6 அங்குலத்துக்கு அது போதும். சுவரில் மாட்ட 8×12 எடுத்தால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் தேறும், முகம் தெளிவாக வராது. குறைந்தது 200 வேண்டும். படம் எடுத்தவரிடம் டொகியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியின் நல்ல படம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய போனில் மட்டுமே இருக்கும். அந்தப் போன் கைமாறுவதற்குள் வாங்கிவிடுங்கள்.

2. அளவுக்கு நீங்களே வெட்டுங்கள். போன் படம் 4:3, பிரிண்ட் 3:2. 6 அங்குல அகலத்தில் எடுத்தால் உயரத்தில் அரை அங்குலம் போய்விடும். குடும்பப் படத்தில் பின்வரிசைக்காரரின் தலை வெட்டுப்படுவது இதனால்தான்.

3. செலவைக் கூட்டிப் பாருங்கள். ஒன்லைனில் படத்தின் விலையோடு கூரியர் கட்டணமும் சேரும். பத்துப் படத்துக்கும் ஐம்பது படத்துக்கும் கூரியர் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது என்பதால், அக்கம்பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஓடர் கொடுங்கள். தோட்டத்து லயத்து முகவரிக்கு வரும் பொதிகள் பல இடங்களில் சுற்றிச் சுற்றித்தான் கைக்கு வரும். டவுனில் தெரிந்த கடை முகவரியும் உங்கள் போன் நம்பரும் கொடுப்பது நல்லது.

வீட்டுக் கணக்கில் தாள், மை மட்டுமல்ல, பாழாகும் தாள்களும் ஹெட் கிளீனிங்குக்கு, அதாவது மை தெளிக்கும் முனையைச் சுத்தம் செய்ய, போகும் மையும் உண்டு. பிரிண்டர் விலையையும் எடுக்கப்போகும் படங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சேருங்கள்.

4. வீட்டில் எடுப்பதென்றால் மலைநாட்டு ஈரம்தான் பெரிய தலைவலி. போட்டோ தாள் ஈரம் பிடித்தால் சுருளும், மை பரவும். பக்கெட்டைத் திறந்ததும் மீதித் தாள்களைக் காற்றுப் புகாத பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது தாள் வகையில் 'போட்டோ பேப்பர் குளோஸி', தரத்தில் 'ஹை' தெரிவு செய்யுங்கள். சாதாரணத் தாள் என்று விட்டால் நிறம் கெட்டுவிடும். எடுத்த படத்தை ஒரு நாள் முழுக்க உலரவிடுங்கள். அப்புறம் பிரேம் போடும்போது கண்ணாடியில் படம் ஒட்டாதபடி நடுவில் அட்டை வையுங்கள். வாரம் ஒருமுறை ஒரு கலர்ப் பக்கமாவது எடுத்தால் ஹெட் அடைக்காது.

5. இன்னும் மனம் தெளியவில்லையா? ஒரே படத்தை இரண்டு வழியிலும் எடுங்கள். ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை ஜன்னலோரத்திலும் மறுபாதியைப் புத்தகத்துக்குள்ளும் வையுங்கள். சில மாதம் கழித்து அருகருகே வைத்துப் பார்த்தால், எது வெளிறுகிறது என்று தெரிந்துவிடும். ஆல்பத்துக்கு எது, சுவருக்கு எது என்று அதை வைத்தே முடிவெடுக்கலாம்.