ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால் தமிழில் "சாப்பிட்டேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்; சாப்பிட்டது யார் என்பது விகுதியிலும், எதைச் சாப்பிட்டார் என்பது பேச்சின் சூழலிலும் அடங்கிவிடும். ஆங்கிலம் இதற்கு நேர்மாறாக, முதன்மை வினையை விட்டுவிட்டுத் துணைவினையை வைத்துக்கொள்கிறது. "டிட் யூ ஈட்?" என்பதற்கு "யெஸ், ஐ டிட்" என்பதுதான் இயல்பான பதில். நம்மவர்கள் "யெஸ், ஐ ஏட்" என்று சொல்வது புரியாமல் போவதில்லை. ஆனால் அது ஆங்கிலம் பேசுகிறவர்களின் வழக்கம் அன்று. கோயில் வழிகாட்டிகள், விளக்குத்தூண் பகுதி ஜவுளிக் கடைக்காரர்கள், நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் கல்லூரி மாணவர்கள் என மதுரையில் நாள்தோறும் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலருக்கும் சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வியின் முதல் சொல்லைக் கவனித்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும், ஏனென்றால் பெரும்பாலும் பதிலுக்கு வேண்டிய துணைவினை அதுவே. "ஆர் யூ ஃப்ரம் மதுரை?" என்ற கேள்விக்கு "யெஸ், ஐ டூ" என்பது பிழை, "யெஸ், ஐ ஆம்" என்பதே சரி. "ஹேவ் யூ சீன் தி கீழடி மியூசியம்?" என்றால் "யெஸ், ஐ ஹேவ்" என்று சொல்ல வேண்டும். ஆனால் "டூ யூ ஹேவ் சேஞ்ச்?" என்று நடத்துநரிடம் ஒரு பயணி கேட்டால், அதில் 'ஹேவ்' முதன்மை வினையாக வருவதால், "யெஸ், ஐ டூ" என்பதுதான் பதில். காதில் கடைசியாக விழுந்த 'ஹேவ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வதால்தான் இங்கே தடுமாற்றம் நேர்கிறது.

'தேர்' என்று வரும் கேள்விகளில் இன்னொரு வழுக்கல் உண்டு. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் ஒருவர் "இஸ் தேர் எ பஸ் டு தேனி?" என்று கேட்டால் "யெஸ், இட் இஸ்" என்று சொல்கிறோம், "யெஸ், தேர் இஸ்" என்றே சொல்ல வேண்டும். மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் நின்றுகொண்டு "ஆர் தேர் ரியலி எ தௌசண்ட் பில்லர்ஸ்?" என்று கேட்கும் பயணிக்கு, "நோ, தேர் ஆரன்ட்" என்று தொடங்கிவிட்டு, தூண்கள் 985 என்ற விவரத்தை அதன்பின் சொன்னால் பதில் கச்சிதமாக அமையும்.

இவற்றையெல்லாம்விடப் பொருளையே தலைகீழாக்கிவிடும் தவறு, எதிர்மறைக் கேள்விகளுக்கு 'யெஸ்' சொல்வதுதான். தமிழில் 'ஆமாம்' என்பது கேட்டவரின் கூற்றை ஒப்புக்கொள்ளும் சொல், "நீங்கள் வரவில்லையா?" என்றால் "ஆமாம், வரவில்லை" என்போம். ஆங்கிலத்தில் 'யெஸ்', 'நோ' இரண்டும் கேட்டவரின் கூற்றைப் பொருட்படுத்துவதில்லை. பதிலாக வரும் வாக்கியம் உடன்பாடா எதிர்மறையா என்பதை மட்டுமே பார்க்கின்றன. கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வாசலில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் தயங்கி நின்று, "சோ வீ கான்ட் டேக் ஃபோன்ஸ் இன்சைட்?" என்று கேட்கிறார். நாம் ஒப்புக்கொள்ளும் எண்ணத்தில் தலையை ஆட்டி "யெஸ், யெஸ்" என்கிறோம். கொண்டுபோகலாம் என்று சொல்கிறோமா, கூடாது என்று சொல்கிறோமா என்று அவருக்கு விளங்குவதில்லை; நம் தலையாட்டலும் அவருக்குக் கைகொடுக்காது. "நோ, யூ கான்ட்" என்றால் குழப்பமே இல்லை. அதேபோல, கார்டு வாங்காத கடையில் "டோன்ட் யூ டேக் கார்ட்ஸ்?" என்ற கேள்விக்கு "யெஸ்" என்று பதில் வந்தால், வாடிக்கையாளர் கார்டை எடுத்து நீட்டத்தான் செய்வார். 'யெஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'நாட்' வரும் வாக்கியத்தையோ, 'நோ' என்ற சொல்லுக்குப் பின் உடன்பாட்டு வாக்கியத்தையோ இத்தகைய சுருக்கப் பதில்களில் சேர்க்காமல் இருந்தாலே இந்தத் தவறு மறைந்துவிடும்.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்பதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பது அதன் பொருள். வைகை எக்ஸ்பிரஸில் பக்கத்து இருக்கைக்காரர் இப்படிக் கேட்கும்போது "யெஸ்" என்று மட்டும் சொன்னால் ஆட்சேபம் உண்டு என்றாகிவிடும். "நோ, நாட் அட் ஆல்" என்பதுதான் வரவேற்பு.

எழுத்தில், குறிப்பாக வாட்ஸ்அப் உரையாடல்களில், அதிகம் கண்ணில் படுவது "யெஸ், ஐம்", "யெஸ், ஹீஸ்", "யெஸ், ஐவ்" என்ற சுருக்க வடிவங்கள். பின்னால் வர வேண்டிய சொற்கள் விடுபட்டதும் வாக்கியத்தின் அழுத்தம் துணைவினைமேல் விழுகிறது. அழுத்தம் பெற்ற சொல்லைச் சுருக்க முடியாது. ஆகவே "யெஸ், ஐ ஆம்", "யெஸ், ஹீ இஸ்", "யெஸ், ஐ ஹேவ்" என்று முழுமையாகவே எழுத வேண்டும். எதிர்மறையில் இந்தத் தடை கிடையாது: "நோ, ஐம் நாட்", "நோ, ஹீ இசன்ட்" ஆகியவை சரியானவையே.

தேர்வு மையத்தில் "டிட் யூ பிரிங் யுவர் ஹால் டிக்கெட்?" என்று கேட்டால் "யெஸ், ஐ பிராட்" என்பது அந்தரத்தில் நிற்கும் வாக்கியம். தமிழில் "கொண்டுவந்தேன்" என்றால் போதும். ஆங்கிலத்தில் அந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும். "ஐ டிட்" என்று சொல்லலாம், இல்லையென்றால் "ஐ பிராட் இட்" என்று சொல்லலாம். "வுட் யூ லைக் டு கம் டு அழகர்கோயில்?" என்பதற்கு "யெஸ், ஐ வுட் லைக்" என்று நிறுத்துவதும் இத்தகையதே. "யெஸ், ஐ வுட்" என்றோ "யெஸ், ஐட் லைக் டு" என்றோ சொல்ல வேண்டும். வாக்கியம் 'டு' என்று முடிவது நம் கண்ணுக்கு அரைகுறையாகத் தோன்றினாலும் ஆங்கிலத்தில் அது முழுமையானது.

உடன்படும் பதில்களில் "ஐ லைக் ஜிகர்தண்டா" என்பதற்கு "சோ டூ ஐ" அல்லது "மீ டூ" பொருந்தும். எதிர்மறைக்கு 'மீ டூ' பொருந்தாது. "நெய்தர் டூ ஐ" என்று சொல்ல வேண்டும். "ஐ ஆல்சோ" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதைக் கைவிடுவது நல்லது. 'மஸ்ட்' விஷயத்தில் மேலே சொன்ன முதல் சொல் விதி கைவிட்டுவிடும்: "மஸ்ட் ஐ பே டு சீ தி தெப்பக்குளம்?" என்பதற்கு "நோ, யூ மஸ்ட்டன்ட்" என்றால் பணம் கொடுக்கவே கூடாது என்று தடுப்பதாக ஆகும். "நோ, யூ டோன்ட் ஹேவ் டு" என்பதே நாம் சொல்ல நினைப்பது.

முழு வாக்கியத்தில் பதில் சொல்லுமாறு பள்ளிகளில் பழக்குவது எழுத்துப் பயிற்சிக்கு உதவலாம். பேச்சில் அது செயற்கையாக ஒலிக்கிறது என்பதே என் கருத்து. அதற்காக எல்லா இடத்திலும் சுருக்கினால் வேறு வகையில் இடறும். "ஷல் ஐ கால் அன் ஆட்டோ?" என்பதற்கு "யெஸ், யூ ஷல்" என்பது ஆணையிடுவதுபோல் ஒலிக்கும், "யெஸ், ப்ளீஸ்" என்பதே முறை. நேர்முகத் தேர்வில் "கேன் யூ டெல் அஸ் அபௌட் யுவர்செல்ஃப்?" என்று கேட்பவருக்கு "யெஸ், ஐ கேன்" என்று சொல்லிவிட்டு அமர்ந்திருப்பது இலக்கணப்படி பிழையற்றதுதான். ஆனால் கேள்வியின் வடிவில் வந்த வேண்டுகோள் அது. உங்களைப் பற்றி நேரடியாகச் சொல்லத் தொடங்குவதே அதற்குரிய பதில்.